உறைப்பில்லாத மிளகாய் வாங்கப் போன சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. வறண்ட ஆறு ஒன்றைக் கடக்கப் போய் மணலில் கார் புதைந்தது. வைக்கோல் ஏற்றி வந்த ஒருவர் கயிறு கட்டி இழுத்துவிட்டார்.
2. சந்தையில் தேவன் அங்கிள், தன்னால் சாப்பிட முடியாத ஒன்றை ஒரு மூட்டை வாங்கினார்.
3. அதைச் சாப்பிடவும் செய்தார்.
4. சுகந்தி அன்ரி, எதைக் கேட்பதற்காக டொராண்டோவிலிருந்து வந்தாரோ அதைக் கேட்கவில்லை.
5. சோதனைச் சாவடி ஒன்றைக் கடந்தோம்.
6. வந்த வழியே திரும்பிப் போனோம்.
7. அதே சோதனைச் சாவடியை இன்னொரு முறை கடந்தோம்.

இவ்வளவுதான் அந்த நாள். ஆனால் இரண்டாவதும் நான்காவதும் ஏன் நடந்தன என்று சொல்ல, கொஞ்சம் முன்னால் போக வேண்டும்.

எனக்குப் பரமக்குடி. டொராண்டோவை ஒட்டிய மார்க்கம் நகரத்தில் வேலை. சூரிய மின் நிலையங்களில் வெயிலை அளக்கும் கருவிகள் ஒழுங்காக அளக்கின்றனவா என்று சரிபார்க்கிறேன். குடியிருப்பது டொராண்டோவின் டோர்செட் பார்க்கில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், தேவன் அங்கிள், சுகந்தி அன்ரி வீட்டின் ஓர் அறையில். அவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒரே மகன் கல்கரியில் இருக்கிறான். அவன் விட்டுப்போன அறைதான் என்னுடையது.

போன வருடம் அங்கிளுக்கு நாக்கின் அடியில் புற்றுநோய். கதிர்ச் சிகிச்சை முடிந்து, நோய் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். வாய் மட்டும் பழையபடி ஆகவில்லை. உமிழ்நீர் ஊறுவதில்லை. பற்பசைகூட எரிகிறது. குழந்தைகளுக்கான ஸ்ட்ராபெரிப் பசையில்தான் பல் துலக்குகிறார். நாங்கள் காரம் என்று சொல்வதை அவர்கள் உறைப்பு என்பார்கள். அந்த உறைப்பு ஒரு துளி பட்டாலும் அவருக்குக் கண் இருண்டுவிடும்.

இதே அங்கிள்தான் முன்பு கோடையில் பூங்காவில் நடக்கும் ஊர்ச் சங்கத்து ஒன்றுகூடலில், மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சும் காரக் கூழுக்கு உறைப்புப் பார்ப்பவர். பெரிய கிடாரத்தில் கூழ் கொதிக்க, ஒரு கரண்டி வாங்கி வாயில் வைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு பிடி போடு" என்று சொன்னால்தான் இறக்குவார்கள். இந்தக் கோடையில் அவர் போகவில்லை. வேலை என்று சொல்லிவிட்டார்.

வீட்டிலும் தன் கஞ்சியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவார். கறி வாசம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வார். அதனால் அன்ரி கறி வைப்பதையே குறைத்துக்கொண்டார். நான் இருந்தால் நானும் அன்ரியும் மேசையில் சாப்பிடுவோம். நான் இல்லாத நாட்களில் அன்ரி சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுவிடுவார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் சாப்பிடப் பழகியிருந்தார்கள்.

அன்ரி முயன்று பார்க்காமல் இல்லை. காஷ்மீரி மிளகாயில் தூள் இடித்தார். அது எரித்தது. பிறகு கடையில் விற்கும் பாப்ரிகாத் தூள். அது எரிக்கவில்லை. ஆனால் அங்கிள் ஒரு வாய் வைத்துவிட்டு, "உது சிவப்புச் சாயம், சுகந்தி. வாசம் எங்கை?" என்று தட்டை நகர்த்திவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், நியூ மெக்சிகோவின் தெற்குப் பகுதியில் பிறந்தவர். தங்கள் ஊரில் மிளகாயைக் காய்கறி மாதிரி சாப்பிடுவார்கள் என்றும், வாசம் குறையாத, ஆனால் எரிக்காத மிளகாயும் அங்கே உண்டு என்றும் அன்ரியிடம் சொல்லியிருக்கிறார். அதே பகுதியில் ஒரு மின் நிலையத்துக்கு என்னை ஒரு வாரம் அனுப்பினார்கள். செய்தியைச் சொன்ன அன்றைக்கே அன்ரி, "நாங்களும் வாறம், பிள்ளை" என்றார்.

"மிளகாய் வாங்க அமெரிக்காவோ?" என்றார் அங்கிள். "இஞ்சத்தைக் கடையளில முடிஞ்சு போச்சோ?"

"உங்களுக்கு ஆஸ்பத்திரியைத் தவிர வேற இடம் பாக்க விருப்பமில்லையோ?" என்று அன்ரி கேட்டார். மறுநாள் அங்கிள் தன் பழைய தொப்பியை எடுத்துத் துவைத்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை போய் இறங்கினோம். விமான நிலையத்து வாசலிலேயே உதடு வெடித்தது. எனக்கு வெயில் பழக்கம். எங்கள் பக்கத்து வெயிலில் கடலின் உப்பும் வியர்வையும் சேர்ந்திருக்கும். இங்கே வியர்ப்பதே தெரிவதில்லை, காற்று அதையும் எடுத்துக்கொள்கிறது. உமிழ்நீர் இல்லாத வாய்க்கு இதைவிடப் பொருந்தாத ஊர் கிடையாது. அங்கிள் தண்ணீர் பாட்டிலைக் கையிலிருந்து இறக்கவில்லை.

வியாழனும் வெள்ளியும் எனக்கு மின் நிலையத்தில் வேலை. அவர்கள் இருவரும் ஹோட்டலில். அங்கே எல்லாவற்றிலும் பச்சை மிளகாய் இருந்தது. காலை முட்டையில், மதியம் பர்கரில், வெள்ளிக்கிழமை ஆப்பிள் இனிப்பிலும்கூட. "உதுகள் எங்கட ஆக்கள்தான், பிள்ளை," என்றார் அன்ரி. "வழி தவறி இஞ்ச வந்திட்டுதுகள்."

அங்கிள் சுவரைப் பார்த்த மேசையில் உட்கார்ந்து ஓட்ஸ் சாப்பிட்டார். பக்கத்து மேசையில் இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது.

"என் மருமகள் காரமில்லாத மிளகாய்தான் வாங்குகிறாள்."

"எந்த ஊர்க்காரி?"

"கொலராடோ."

"பாவம்."

"நாங்கள் அவளிடம் ஒன்றும் சொல்வதில்லை."

அன்ரி சிரித்துவிட்டார். அங்கிள் ஓட்ஸைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். சந்தை தெற்கே, ஒரு பள்ளத்தாக்கில். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும், போனில் இருந்த வரைபடம் ஒரு குறுக்கு வழி காட்டியது. அந்த வழி ஓர் ஆற்றுக்குள் இறங்கியது. ஆறு என்று பெயர்தான், சொட்டுத் தண்ணீர் இல்லை. வைகையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதில் பயப்பட ஒன்றும் தெரியவில்லை. தைரியமாக இறக்கினேன். நடுவில் பின்சக்கரங்கள் மணலில் புதைந்தன.

அங்கிள் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "மார்க்கத்தில உங்களுக்கு இதெல்லாம் படிப்பிக்கேல்லையோ?" என்றார். இருபது வருடம் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கச் சொன்னார். இறக்கினோம், அப்போதும் அசையவில்லை. வைக்கோல் ஏற்றிய வண்டியில் வந்தவர் ஒன்றும் கேட்காமல் கயிறு எடுத்துக் கட்டினார். கார் மேலே வந்ததும், மழை மலையில் பெய்தாலும் தண்ணீர் இங்கேதான் வரும் என்றார். பார்க்க வெள்ளை வெயில்தான். இருந்தாலும் நான் மலையைத் திரும்பிப் பார்த்தேன்.

அந்தப் பாதை நெடுகிலும் எனக்குத் தெரிந்த ஒரு முகம் கூடவே வந்தது. சீமைக்கருவேலத்தின் உறவுக்கார மரம். எங்கள் மாவட்டத்தின் கண்மாய்களையும் கரம்புகளையும் விழுங்கிய முள் மரத்தின் பூர்வீகம் இந்தப் பக்கம்தான். எங்களிடம் அது விறகும் கரியும். இங்கே சந்தையில் அதன் காயை மாவாக்கி, அழகான பைகளில் கட்டி, இனிப்பு ரொட்டிக்கு நல்லது என்று விற்கிறார்கள். ஒரு சிட்டிகை வாயில் போட்டேன். வெல்லம் கலந்த மண் மாதிரி இருந்தது. மோசமில்லை.

சந்தை என்றால் கூரையோ திண்ணையோ எதுவும் இல்லை. பாசனக் கால்வாய்க்கும் ஒரு தேவாலயத்துக்கும் நடுவே சரளைக்கல் மைதானம். பிக்கப் வண்டிகளைப் பின்புறமாக நிறுத்தி, பின்கதவை இறக்கி, அதையே கடையாக்கியிருந்தார்கள். முலாம்பழம், பூசணி, வெங்காயம். சப்பாத்திக்கள்ளியின் மடலை முள் சீவி, சதுரமாக நறுக்கி ஒரு பெண் விற்றுக்கொண்டிருந்தார். அன்ரி அங்கேயே நின்றுவிட்டார். "கள்ளியைக் கறி வைக்கினமோ? என்னெண்டு வைக்கிறதெண்டு கேள், பிள்ளை." நான் கேட்டேன். அந்தப் பெண் சொல்லச் சொல்ல, அன்ரி வழவழப்பு போக வெண்டிக்காய்க்குச் செய்வதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கச் சொன்னார். இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

அதனால்தான் அங்கிள் தனியாகப் போனதை நாங்கள் கவனிக்கவில்லை.

மைதானத்தின் கடைசியில் மிளகாய் வறுக்கிறார்கள். கம்பி வலையால் செய்த ஒரு பீப்பாய். அடியில் காஸ் தீ விமானம் கிளம்புவது மாதிரி இரையும். பச்சை மிளகாயை மூட்டையோடு கொட்டிச் சுற்றினால், தோல் கருகி உரிந்து விழும். அந்த நெடியில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆனால் இடத்தை விட்டு நகராமல் நின்றார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வறுத்து இறக்கியதும் முதல் மிளகாயை உரித்து, உப்புத் தூவி, சூடான ரொட்டியில் சுருட்டி, வாங்கியவர் கையில் கொடுப்பார்கள். அவர் அங்கேயே நின்று சாப்பிட்டுத் தலையாட்ட வேண்டும். பிறகுதான் மூட்டை கட்டுவார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கிள் வரிசையின் முன்னால் நின்றார். பீப்பாயைச் சுற்றும் ஆள் பெரிய உடம்புக்காரர். பெயர் ரூபன். அந்தப் பெயரிலேயே அங்கிள் பாதி விழுந்துவிட்டார். "என்ர மச்சானும் ரூபன்," என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கைகொடுத்திருந்தார்.

"காரம் எப்படி?" என்று ரூபன் கேட்டார். "லேசாகவா, நடுத்தரமா, அதிகமா?"

"ஹொட்," என்றார் அங்கிள். யோசிக்கவே இல்லை.

"நல்ல காரம் இருக்கும்."

"வெரி ஹொட். வீ ஆர் ஃப்ரம் ஜஃப்னா."

ரூபனுக்கு யாழ்ப்பாணம் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அந்தப் பெயருக்கு உரிய மரியாதையோடு தலையாட்டி, ஓரத்தில் தனியாக வைத்திருந்த மூட்டையைத் தூக்கிப் பீப்பாயில் கொட்டினார். வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

"என்ன வாங்கிறியள்?" என்றார் அன்ரி.

"மிளகாய்."

"என்ன மிளகாய்?"

"மிளகாய்தான், சுகந்தி."

எனக்கு இது புதிதில்லை. டொராண்டோவில் நண்பர்களோடு தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போவோம். காரம் எவ்வளவு என்று பணிப்பெண் கேட்டால், எங்கள் மேசையில் ஒருவரும் குறைவாக என்று சொன்னதில்லை. பிறகு எல்லாரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிடுவோம். பரமக்குடியில் காரம் கம்மியாக என்று குழந்தைகளுக்கு மட்டும்தான் கேட்பார்கள். அதிகம் வேண்டும் என்று கேட்பது எங்களுக்குச் சுலபம். குறைவாகப் போதும் என்று கேட்க வாய் வருவதில்லை.

ரூபன் ரொட்டியைச் சுருட்டி அங்கிளிடம் நீட்டினார். வரிசை முழுவதும் அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கிள் ஒரு வாய் கடித்தார்.

அவர் கழுத்து நரம்பு எழும்புவதைப் பார்த்தேன். துப்பவில்லை, விழுங்கினார். பிறகு புகை வந்த பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கண்களிலிருந்து தண்ணீர் ஓடியது. அங்கே எல்லார் கண்ணிலும் ஓடியதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. திரும்பித் தலையாட்டினார். வரிசை கைதட்டியது.

"தாங்கோ, நானும் பாக்கிறன்," என்று அன்ரி அவர் கையிலிருந்த ரொட்டியை வாங்கி, மிச்சத்தை நாலு வாயில் சாப்பிட்டு முடித்தார். அங்கிள் இரண்டாவது வாய் கடிக்கும்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் அந்த அவசரம்.

காய்ந்த மிளகாய் பக்கத்து வண்டியில். எங்களுக்கு வத்தல், யாழ்ப்பாணத்தில் செத்தல். ரூபனின் தங்கை அல்மா விற்றுக்கொண்டிருந்தார். தூளுக்கு வேண்டியது இதுதான், வந்ததே இதற்குத்தான். அன்ரி ஒன்றை எடுத்துக் காம்பை ஒடித்தார், காதருகே வைத்துக் குலுக்கினார், முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடினார். "இதுதான், பிள்ளை. இந்த வாசம்தான். இதில எரியாதது எது எண்டு கேள்."

நான் வாயைத் திறப்பதற்குள் ரூபன் அங்கிருந்து கூவினார். "அல்மா, அவர்களுக்கு அந்த ஓரத்து மூட்டை. காரமானது. இந்த ஐயா நம்ம ஆள்."

அல்மாவின் கை ஓரத்து மூட்டைக்குப் போனது. "காரம்தானே?" என்று அன்ரியைப் பார்த்துக் கேட்டார்.

அன்ரி திரும்பி அங்கிளைப் பார்த்தார். புகைக்கு நடுவே, ரூபனின் கை தோளில் கிடக்க, அங்கிள் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் எரிந்துகொண்டிருந்திருக்கும். அப்படியும் சிரித்தார். அந்த வீட்டுக்கு நான் குடிவந்ததிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு.

"யெஸ்," என்றார் அன்ரி.

"அன்ரி, நாம கேக்க வந்தது..." என்று ஆரம்பித்தேன். அவர் என் கையை அழுத்தினார். அல்மா காரமானதை அளந்து பையில் கட்டினார்.

வடக்கே திரும்பும் வழியில் சோதனைச் சாவடி. மெக்சிகோ எல்லைப் பக்கமிருந்து வரும் வண்டிகளை எல்லாம் நிறுத்திக் கேட்பார்கள். அது கண்ணில் படுமுன்பே அங்கிள் தொப்பியைக் கழற்றி, ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கைகளை முழங்காலில் தெரியும்படி வைத்துக்கொண்டார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. இளவயதில் ஊரின் இராணுவச் சாவடிகளில் பழகிய பழக்கம். மரியாதையான அதிகாரி ஒருவர் அவர்களுடைய கனடியப் பாஸ்போர்ட்டையும் என் இந்தியப் பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சி, "மிளகாயா? எப்படிப்பட்டது?" என்றார்.

அங்கிள் வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. "ஹொட்," என்று அன்ரி பின்சீட்டிலிருந்து சொன்னார். அதிகாரி சிரித்து, போகச் சொன்னார்.

கொஞ்ச தூரம் போனதும் ஓரம் கட்டச் சொன்னார் அன்ரி. ஐஸ் பெட்டியிலிருந்த தண்ணீரை அங்கிள் வாயில் வைத்து வைத்துத் துப்பினார். நாக்கின் ஓரம் சிவந்து தடித்திருந்தது. பேச்சு வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்ததும் அவர் கேட்டது இதுதான்:

"செத்தல் எரியாததுதானே வாங்கினீர்?"

"இல்லை. உறைப்புத்தான்."

"உமக்கென்ன விசரே? உதுக்குத்தானே வந்தது?"

"நீங்கள் அங்க யாழ்ப்பாணத்தின்ர பேரைச் சொல்லிக்கொண்டு நிக்கிறியள். பக்கத்தில நிண்டு, என்ர மனிசனுக்கு எரியாதது தாங்கோ எண்டு நான் என்னெண்டு கேக்கிறது?"

"கேட்டால் என்ன? அவன் ஆர்? அவனை இனிக் காணப் போறமே?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். அவன் ஆர்? சாவகச்சேரியில இருந்து வந்தவனே? ஊர்ச் சங்கத்துச் செயலாளரே? அவனுக்கு முன்னால உந்த வாயை வச்சுக்கொண்டு ஏன் கடிச்சனீங்கள்?"

அங்கிள் வெளியே பார்த்தார். பார்ப்பதற்கு அங்கே முள்ளும் மண்ணும்தான் இருந்தன.

"தனியச் சாப்பிடுறது நான்," என்றார் கடைசியில். "உமக்கென்ன குறை?"

"நான் நிண்டுகொண்டு சாப்பிடுறன்," என்றார் அன்ரி. குரலை உயர்த்தவில்லை. "குசினியில, அடுப்புக்குப் பக்கத்தில. ஒரு வருசமா. எனக்குக் கறியும் வேண்டாம், தூளும் வேண்டாம். எனக்கு முன்னால இருந்து ஒராள் சாப்பிடோணும். அதுக்குத்தான் வந்தனான்."

லாரிகள் எங்களைக் கடந்து போகும்போதெல்லாம் கார் ஆடியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, சாலையின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"பிள்ளை," என்றார் அங்கிள். "எங்கை திருப்பலாம்?"

"அடுத்த எக்ஸிட்ல திருப்பலாம் அங்கிள். ஆனா வர்றப்போ மறுபடியும் செக்பாயிண்ட் வரும்."

"வரட்டும்."

நாங்கள் போனபோது மைதானத்தில் பாதி வண்டிகள் கிளம்பிவிட்டன. ரூபன் பீப்பாயைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார். "நீங்கள் இருங்கோ," என்று எங்களிடம் சொல்லிவிட்டு அங்கிள் இறங்கினார். அன்ரி கண்ணாடியை இறக்கினார். அங்கிளின் ஆங்கிலம் தொழிற்சாலையில் கற்றது, சுருக்கமானது. அவர் சொன்னதன் பொருள் இது:

"நான் உங்களிடம் பொய் சொன்னேன். எனக்குக் காரம் ஆகாது. வாயில் புற்றுநோய் வந்தது. எரியாத மிளகாய் வேண்டும்."

ரூபன் குழாயை மூடினார். "அப்படியா," என்றார். "கொஞ்சமும் ஆகாதா?"

"கொஞ்சமும்."

"அந்தக் காரமான மிளகாயைத் தின்றீர்களே."

"ஆமாம்."

"அது என்னாலேயே முழுதாகத் தின்ன முடியாது," என்றார் ரூபன். அதை அவர் ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு அல்மாவைக் கூப்பிட்டு, ஸ்பானிஷில் நிறையச் சொன்னார்.

அல்மா, லேசானது என்று எழுதியிருந்த மூட்டையைத் தொடவில்லை. அதிலும் சில காய் ஏமாற்றிவிடும் என்றார். வண்டியின் முன்சீட்டிலிருந்து, தங்கள் வீட்டுக்கு எடுத்து வைத்த பையைக் கொண்டு வந்தார். அகலமான, கருஞ்சிவப்புக் காய்கள். ஒன்றைப் பிளந்து விதையைத் தட்டி, உள்ளே இருந்த வெளிர் நரம்பைக் கட்டை விரலால் வழித்தெடுத்து, தன் குடுவையிலிருந்த வெந்நீரில் ஊறப்போட்டார். அதற்குள் நாங்களும் இறங்கி வந்திருந்தோம். ஊறியதும் சதையை ஒரு கரண்டியில் சுரண்டி அங்கிளிடம் கொடுத்தார்.

அங்கிள் நாக்கு நுனியில் வைத்தார்.

"எரியுதோ?" என்றார் அன்ரி.

"பொறும்."

பொறுத்தோம். ரூபன்கூட வேலையை விட்டுவிட்டு நின்றார்.

"காலமை வாங்கின புண் கிடக்குது. அதால சரியாத் தெரியேல்லை," என்றார் அங்கிள். இன்னும் கொஞ்சம் வைத்தார். "எரிச்சல் கூடேல்லை. வாசம் வருது."

அன்ரி அல்மாவிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கச் சொன்னார். அல்மா பையோடு கொடுத்துவிட்டு, காரமான செத்தலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வறுத்த பச்சை மிளகாய் மூட்டையை மட்டும் அங்கிள் விடவில்லை. வாங்கியது வாங்கியதுதான் என்றார். திங்கட்கிழமை அது மின் நிலையத்து வேலையாட்களின் மதியச் சாப்பாட்டுக்குப் போனது. கொலராடோக்காரர் ஒருவரைத் தவிர எல்லாரும் எனக்கு நன்றி சொன்னார்கள்.

சனிக்கிழமை திரும்பும் வழியில், சாவடியில் அதே அதிகாரி நின்றார். "மறுபடியுமா? இப்போது என்ன?"

நான் அங்கிளைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தேன்.

"மைல்ட்," என்றார் அங்கிள், தெளிவாக.

டொராண்டோ விமான நிலையத்தில் பையில் மிளகாய் இருப்பதைச் சுங்க அதிகாரிகளிடம் நானே அறிவித்தேன். பையைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறு அன்ரி பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, புகை அலாரத்துக்குக் குளியல் தொப்பி மாட்டிவிட்டுத் தூளுக்கு வறுத்தார். மல்லி, சீரகம், கறிவேப்பிலை எல்லாம் உண்டு, மிளகு மட்டும் இல்லை. ஸ்காபரோவில் ஓர் அரவைக் கடையில் கொடுத்து அரைத்தோம். சாப்பிட்டபோது எரித்தது. அங்கிள் எழுந்து போய்விட்டார். அன்ரி தூளைக் கையில் கொட்டித் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களுக்கு முன்னால் அதே இயந்திரத்தில் யாரோ வழக்கமான செத்தலை அரைத்திருக்கிறார்கள். கருவியைச் சுத்தம் செய்யாமல் அளந்தால் முந்தைய அளவுதான் வரும் என்பது என் தொழிலில் முதல் பாடம். புதிதாக ஒரு சின்ன காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் வாங்கி, மிச்சம் இருந்த மிளகாயைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டிலேயே அரைத்தோம்.

இப்போதைய நிலை இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவன் அங்கிள் மேசையில் உட்கார்ந்து, அன்ரிக்கு எதிரே, அந்தத் தூளில் வைத்த கறியோடு சோறு சாப்பிடுகிறார். மற்ற நாட்களில் சில நாள் முடிகிறது. முடியாத நாளில் கஞ்சியை மேசைக்குக் கொண்டு வருகிறார். வீட்டுக்கு வரும் ஊர்க்காரர்களிடம், கறியில் உறைப்புக் குறைந்ததற்குக் காரணம், சுகந்திக்கு வயிற்றில் புண் என்று சொல்லி வைத்திருக்கிறார். அன்ரிக்கு வயிற்றில் ஒரு புண்ணும் இல்லை. யாராவது கேட்டால், "ஓம், டொக்டர் உறைப்பை விடச் சொல்லிப்போட்டார்," என்று சொல்லிவிட்டு, அங்கிளின் தட்டில் இன்னொரு கரண்டி கறி வைக்கிறார்.